உடைத்ததை யார் அள்ளுவது?

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் ரேவதியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் சென்னை வீட்டைப் புதுப்பிக்க மேஸ்திரி கொடுத்ததாக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய எஸ்டிமேட்டைப் பெரிதாக்கிப் படித்தேன். மேஸ்திரி ஒழுங்கானவராகத்தான் தெரிகிறார். இரண்டு குளியலறையிலும் பழைய டைல்ஸ் உடைப்பது, தரைக்கு அடியில் பள்ளமாக விட்ட சங்கன் ஸ்லாபைத் தோண்டுவது, வாட்டர்புரூஃபிங், புது டைல்ஸ், சமையல் மேடை, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுப்பது என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கூலி போட்டிருக்கிறார். உடைத்ததை யார் அள்ளுவது, எங்கே கொண்டுபோவது, அதற்கு யார் பணம் கொடுப்பது என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த வரியை எழுதி வாங்கிவிடு. போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். எழுத்தில் இருந்தால் மேஸ்திரியோடு உட்காரும்போது எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூர்க் கீழவாசலில் நம் டைல்ஸ் கடை இருந்தவரை, வீட்டுக்காரருக்கும் கொத்தனாருக்கும் வந்த சண்டைகளில் பாதிக்கு நான்தான் பஞ்சாயத்து. டைல்ஸ் வாங்க வரும்போது இருவரும் அண்ணன் தம்பி போல வருவார்கள். டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் வாங்க வரும்போது தனித்தனியாக வருவார்கள். தளத்துக்கு வாட்டம் சரியில்லை, கலவை அதிகம் ஆனது என்று வந்த சண்டையெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அவற்றில் சரி எது, தப்பு எது என்று மட்டப் பலகை சொல்லிவிடும். இடிபாட்டுச் சண்டை அப்படி இல்லை. அதில் இரண்டு பேருமே சரியாகத்தான் பேசுவார்கள்.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் நடந்தது இது. நல்ல மனிதர், கணக்கில் கெட்டிக்காரர். பின்கட்டை இடித்துக் குளியலறை கட்டினார். கொத்தனார் இடித்ததையெல்லாம் வாசலில் குவித்துவிட்டு, "இடிப்பதற்குத்தான் ஐயா கூலி பேசினோம், அள்ளுவதற்குப் பேசவில்லையே" என்றார். இவர், "இடிப்பது என்றால் எடுத்துப் போடுவதும் சேர்த்துத்தானே" என்றார். ஆளுக்கு ஒரு நியாயம். குவியல் வாசலிலேயே கிடந்தது. அதன்மேல் எதிர்வீட்டுக்காரர் தம் தோட்டத்துச் சருகைக் கொட்டினார். யாரோ கிழிந்த மெத்தை ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழையில் மண் கரைந்து சாக்கடையை அடைத்தது, தெருவே வந்து நின்றது. கடைசியில் டிராக்டர்காரர் வந்து பார்த்தார். தெருவே கூடி நிற்கிறது, வீட்டுக்காரர் முகம் கறுத்திருக்கிறது, மெத்தை வேறு கிடக்கிறது. அவர் சொன்னதுதான் விலை. வேலை தொடங்குவதற்கு முன் கேட்டிருந்தால் அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு அதே டிராக்டர் வந்திருக்கும். உடைக்காத சுவருக்குப் பேரம் பேசலாம்; உடைத்துக் குவித்தபின் பேரம் பேச நம்மிடம் என்ன இருக்கிறது?

உனக்கு வரப்போகும் அளவைச் சொல்கிறேன். நீ மனத்தில் "நாலைந்து மூட்டை வரும், குட்டி யானை ஒரு நடை போதும்" என்று வைத்திருப்பாய். எல்லோரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

உன் குளியலறை எட்டுக்கு ஐந்து. ஏழடி உயரம் வரை டைல்ஸ். கதவு, ஜன்னல் போகச் சுவரில் 160 சதுர அடிக்குக் குறையாது, தரையில் 40. டைல் மட்டும் தனியாகப் பெயர்ந்து வராது. முதுகில் ஒட்டிய சிமெண்ட் கலவையோடுதான் வரும். தரையில் கனம் இன்னும் அதிகம். எல்லாம் சேர்ந்தால் ஒரு குளியலறைக்கு ஏறக்குறைய ஒன்றரை டன். இது தோலை உரித்த கணக்கு. அதற்குக் கீழே சங்கன் ஸ்லாப் இருக்கிறது. ஓர் அடி ஆழப் பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, மேலே செங்கல் துண்டும் மண்ணும் போட்டு நிரப்பியிருப்பார்கள். பல அடுக்குமாடிகளில் கட்டும்போது மிச்சமான ரப்பிஷையே (கட்டட இடிபாட்டையே) அதில் கொட்டி மூடியிருப்பார்கள். அப்போது அள்ளாமல் விட்டதை இப்போது உன் செலவில் அள்ளப்போகிறாய். அது இன்னும் ஒன்றரை டன். ஆக ஒரு குளியலறைக்கு 3 டன், இரண்டுக்கு 6. நடுச்சுவர் நாலரை அங்குலம்தான் என்றாலும் பத்தடிக்கு எட்டடி. அது ஒன்றரை டன்னைத் தாண்டும். (அந்தச் சுவர் பாரம் தாங்குகிறதா என்று ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டினாயா? மேஸ்திரி சொன்னால் போதாது. எழுதிக் கேட்டுக்கொள்.) சமையல் மேடையையும் சேர்த்தால் மொத்தம் 8 டன்.

இதை மூட்டையில் கணக்குப் பண்ணு. சிமெண்ட் சாக்கை முழுக்க நிரப்பினால் யாராலும் தூக்க முடியாது. அரைச் சாக்கு, 30 கிலோ என்று கட்டுவார்கள். 8 டன்னுக்கு 260 மூட்டைக்கு மேல் வரும். மூன்றாம் மாடியிலிருந்து.

குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸில் ஏற்றலாம் என்று சொல்லியிருக்கும் எடை முக்கால் டன் அளவுதான். ஒரு கன அடி இடிபாடு 35 முதல் 40 கிலோ இருக்கும். அப்படியானால் முக்கால் டன் என்பது 20 கன அடி. அந்த வண்டித் தொட்டியில் பரப்பினால் அரை அடி உயரத்துக்கு மேல் சற்று நிற்கும், அவ்வளவுதான். ரப்பிஷ் நடையில் இதுதான் வேடிக்கை: யோக்கியமான டிரைவரின் வண்டி பாதி காலியாகத் தெரியும், நீ மேலிருந்து பார்த்துவிட்டு "பாதி லோடுக்கு முழு வாடகையா?" என்று கோபப்படுவாய். தொட்டி நிறைய ஏற்றிக்கொண்டு போகிறவன் வழியில் அச்சு முறிந்து நிற்பான், அல்லது அடுத்த திருப்பத்திலேயே எங்காவது கவிழ்த்துவிடுவான். உன் 8 டன்னை ஏஸில் முறையாக எடுத்தால் 10, 11 நடை ஆகும். டிராக்டர் டிப்பர் என்றால் யூனிட் கணக்கில் பேசுவார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. உன்னுடையது இரண்டு யூனிட்டைத் தாண்டும். உன் தெருவுக்குள் டிராக்டர் திரும்புமா என்று பார். திரும்பினால் அதுதான் மலிவு. பெரிய லாரிகளுக்கு நகரச் சாலைகளில் பகலில் நேரக் கட்டுப்பாடு இருப்பதால் இரவில்தான் வருவார்கள். இரவில் 260 மூட்டையை இறக்க உன் அசோசியேஷன் சம்மதிக்காது.

ஆகவே மேஸ்திரியிடம், "ரப்பிஷ் எடுப்பதற்கு எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேட்காதே. அவர் ஏதாவது ஒரு தொகையைச் சொல்வார். அதற்குள் என்னென்ன அடக்கம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அதில் நான்கு வேலைகள் இருக்கின்றன: மூட்டை கட்டுவது, மாடி இறக்குவது, வண்டியில் ஏற்றுவது, வண்டி வாடகை. சாக்கு யாருடையது என்பதுகூடக் கேள்விதான். 260 சாக்குக்கும் காசு உண்டு. கடையில் நான் கேட்ட சச்சரவுகளில் பாதி, வண்டி வாடகையைப் பேசிவிட்டு இறக்குகூலியை மறந்ததால் வந்தவை. மாடிக்கு இத்தனை என்று மூட்டைக் கணக்கில் கூலி கேட்பார்கள். மூன்றாம் மாடிக்கு அந்தக் கூலியே வண்டி வாடகையைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. நியாயம்தான். நீ ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் பார், ஏன் என்று தெரியும்.

லிஃப்டைப் பயன்படுத்த விடுவார்களா என்று செயலாளரிடம் இன்றைக்கே கேள். பெரும்பாலும் விடமாட்டார்கள். டைல்ஸ் தூள் லிஃப்ட் கதவின் தண்டவாளத்தில் விழுந்தால் கதவு மூடாது. பிறகு அந்தச் செலவும் உன் தலையில். சில இடங்களில் வேலை தொடங்கும் முன் டெபாசிட் வாங்கிக்கொண்டு, படிக்கட்டும் பொதுவழியும் சுத்தமாக இருந்தால் திருப்பித் தருகிறார்கள். உங்கள் கட்டடத்திலும் அப்படியானால் அதையும் மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு: டெபாசிட்டில் பிடித்தால் கடைசித் தவணையில் பிடிப்பேன் என்று. கோபமாகச் சொல்ல வேண்டாம். சாதாரணமாகச் சொல்.

அப்பாவுக்கு இந்தக் கடிதமே பிடிக்கவில்லை. "முதல் நாளே குப்பைக்குக் காசு பேசினால் மேஸ்திரி மனம் கோணாதா? நம்பிக்கை இல்லாதவன் என்று நினைக்கமாட்டாரா? பின்னால் கேட்டால் கொடுத்துவிட்டுப் போகட்டும்" என்கிறார். அப்பாவின் பெருந்தன்மைக்கு நான் நாற்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கல்யாணத்துக்குச் சமையல் பேசும்போது சாம்பாரும் பாயசமும் பேசிவிட்டு, இலை எடுக்க ஆள் யார் என்று கேட்கிறோமே, சமையல்காரர் கோபித்துக்கொள்கிறாரா? கேட்காத வீட்டில் இரண்டாம் பந்திக்கு மாப்பிள்ளை வீட்டார் நிற்கும்போது எச்சில் இலைக்கு ஆள் தேடுவார்கள். தொழில் தெரிந்த மேஸ்திரி இந்தக் கேள்வியை வரவேற்பார். "நல்லதாகப் போயிற்று, இதைப் பேசாமல் விட்டுத்தான் போன வீட்டில் வம்பு" என்பார். முகம் சுளிக்கிறவர் இருந்தால், அவர் எங்கே கொட்டுவதாக இருந்தார் என்று யோசி.

பேசாமல் விட்ட ரப்பிஷை யார் சுமக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி சுமப்பதில்லை. பெரியாளும் அதிகம் சுமப்பதில்லை. சித்தாள்தான். சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், "இதைக் கொஞ்சம் கீழே போட்டுவிட்டுப் போ" என்பார்கள். சும்மாட்டைத் திரும்பவும் சுற்றித் தலையில் வைத்து, பாண்டு நிறைய உடைந்த டைல்ஸை ஏற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரை ஒரு கையால் பிடித்தபடி பக்கவாட்டாக அந்தப் பெண் இறங்குவாள். உடைந்த டைல்ஸின் விளிம்பு கண்ணாடி மாதிரி. பாண்டின் வாய்க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு ஒன்று அவள் காதோரம் உரசிக்கொண்டே வரும். நம் வீட்டு மாடிப்படி வேலையின்போது இதைப் பார்த்துவிட்டுத்தான் நான் இறக்குகூலியைத் தனியாக எழுதச் சொல்ல ஆரம்பித்தேன். எழுதிய கூலி, யார் இறக்கினார்களோ அவர்கள் கையில் போய்ச் சேர்கிறதா என்றும் ஒரு கண் வை. டைல்ஸ் உடைக்கும் நாளில் ரப்பர் கையுறை பத்துச் சோடி வாங்கி வைத்துவிடு. பெரிய செலவு இல்லை.

அடுத்து, எங்கே போகிறது என்பது. முன்பெல்லாம் தஞ்சாவூரில் இந்தக் கேள்வியே எழாது. மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டிய சுவரை இடித்தால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். தட்டிவிட்டு மறுபடி கட்டுவார்கள். உடைந்ததைச் செங்கல் ஜல்லியாக்கிச் சுண்ணாம்போடு இடித்து மொட்டைமாடித் தளம் போடுவார்கள். மிச்சம் கொல்லைப் பள்ளத்துக்குப் போகும். சிமெண்ட் கலவையில் கட்டிய சுவரை இடித்தால் செங்கல்லும் கலவையும் ஒன்றையொன்று விடாது. இரண்டுமே உடைந்து வெறும் ரப்பிஷ் ஆகும். கொல்லையும் இப்போது யாருக்கும் இல்லை.

உன் வீடு மடிப்பாக்கத்தில். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கூப்பிடு தூரம். 2022இல் அதற்கு, உலக அளவில் முக்கியமான சதுப்புநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து கொடுத்தார்கள் என்று நீதான் எனக்குச் செய்தி அனுப்பினாய். அந்தப் பக்கம் ஏரியும் சதுப்பும் எப்படி மேடாயின என்று கேட்டால், ஒவ்வொரு நடையாகத்தான். ஓர் ஏஸ் வண்டி இருட்டில் கவிழ்த்துவிட்டுப் போக ஐந்து நிமிடம் போதும். 2015 டிசம்பரில் உன் நண்பர்கள் வீடுகளில் தண்ணீர் ஏறி நின்றதை நீயே பார்த்தவன். டிரைவருக்கு உன் வீட்டிலிருந்து கொட்டும் இடம் எவ்வளவு பக்கமோ அவ்வளவு டீசல் மிச்சம். இதைத் தெரிந்துகொண்டுதான் வாடகை பேச வேண்டும். யாரும் கேட்காத விலைக்கு ஒருவன் எடுத்துப் போகிறேன் என்றால், தூரமாகப் போகமாட்டான் என்று பொருள்.

கட்டட இடிபாடுகளுக்கென்று மத்திய அரசு 2016இலேயே தனி விதிகள் கொண்டுவந்துவிட்டது. உண்டாக்கியவர்தான் பொறுப்பு என்பது அதன் சாரம். சாலையையோ வடிகாலையோ அடைக்கும்படி போடக் கூடாது. உண்டாக்கியவர் நீ, மேஸ்திரி அல்ல, டிரைவரும் அல்ல. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டைப் பிரித்து அரைத்து, மறுபடி பயன்படும் மணலாகவும் ஜல்லியாகவும் மாற்றும் ஆலைகள் இருக்கின்றன. உனக்குப் பெருங்குடி பக்கம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு நீயே பேசு: இவ்வளவு டன், மூன்றாம் மாடி, மடிப்பாக்கம் என்று அளவைச் சொல்லி, அவர்களே வந்து எடுப்பார்களா, எந்த அளவு வரை, என்ன கட்டணம், நாமே கொண்டுபோனால் எங்கே இறக்குவது என்று கேட்டு எழுதிக்கொள். "கொஞ்சம் ரப்பிஷ்" என்று மொட்டையாகச் சொன்னால் மொட்டையான பதில்தான் வரும். அந்த விவரத்தோடு போய் மேஸ்திரியிடம் உட்கார்ந்தால், "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வார்த்தையில் அவர் பேச்சை முடிக்க முடியாது.

காலையில் குப்பை வாங்க வரும் பேட்டரி வண்டியில் டைல்ஸ் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒப்பேற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதே. குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் விரலில் அது ஏறும்.

பள்ளமான மனை வைத்திருப்பவர்கள் நிரப்புவதற்கு இடிபாடு கேட்பதும் உண்டு. அவர்களுக்குத் தேவை செங்கல்லும் கான்கிரீட்டும் மண்ணும். உன் நடுச்சுவருக்கு ஒருவேளை ஆள் கிடைக்கும், வாடகையும் குறையும். டைல்ஸ், உடைந்த கழிப்பறைக் கோப்பை, பிளாஸ்டிக் குழாய், மரச்சட்டம் எல்லாம் கலந்து கிடந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் சுவரை ஒரு நாள், குளியலறையை வேறொரு நாள் என்று உடைக்கச் சொல். கலக்காமல் தனித்தனியாகக் கட்டினாலே உனக்கு ஒன்றிரண்டு நடை மிச்சமாகும். கொடுக்கும் இடம் உண்மையில் ஒருவருடைய பட்டா மனைதானா, ஏரிப் புறம்போக்கா என்று பார்த்துவிட்டுக் கொடு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது; இதில்தான் மேஸ்திரிகள் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வார்கள். சென்னையில் பழைய வீட்டை முழுசாக இடிக்கும்போது இடிக்கிற கான்டிராக்டர்தான் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பார். தேக்குக் கதவு, நிலை, ஜன்னல், கம்பி, இரும்பு எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. அந்த விலையில் ரப்பிஷ் எடுக்கும் செலவு கரைந்துவிடும். உன்னுடையது அரைகுறை இடிப்பு. விலைபோகும் சாமான் கொஞ்சம், ரப்பிஷ் நிறைய. ஆனாலும் கொஞ்சம் என்பது ஒன்றுமில்லை அல்ல. பழைய பித்தளைக் குழாய்கள், ஜி.ஐ. பைப், செப்புக் கம்பி, ஜன்னலின் அலுமினியம், சமையல் மேடையின் கிரானைட், ஷெல்ஃபில் இருக்கும் கடப்பா கல். இவை யாருக்கு என்று பேசிக்கொள்ளாவிட்டால், வேலை முடியும்போது ரப்பிஷ் உனக்கும் பித்தளை மேஸ்திரிக்கும் என்று தானாகவே பாகம் பிரிந்திருக்கும். நான் சொல்லும் வழி இது: காயலான் கடைக்குப் போகிறவற்றை மேஸ்திரிக்கே விட்டுவிடு, அதற்கு ஈடாக ரப்பிஷ் தொகையில் குறைத்துக்கொள்ளச் சொல். அவருக்குப் பழக்கமான கடை இருக்கும்; நீ எடுத்துப் போனால் உனக்குக் கிடைப்பதைவிட நல்ல விலை வாங்குவார். கடப்பா கல்லை மட்டும் கொடுக்காதே. உடைக்காமல் நெம்பி எடுக்கச் சொல்லி இங்கே அனுப்பு. கிணற்றடியில் துவைக்கிற கல் பிளந்துவிட்டது.

பால்கனிக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்டிருந்ததாக ஞாபகம். அதையும் எடுப்பதாக இருந்தால் சம்மட்டியால் அடிக்க விடாதே. அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கி, தனியாகப் பாலித்தீன் சுற்றி வைக்க வேண்டும். ரப்பிஷ் மூட்டையோடு அது சேரக் கூடாது. 1913இல் பேசும்போது அதையும் தனியாகக் கேள். அதை எடுக்கும் நாளில் குழந்தையைச் சம்பந்தி வீட்டில் விட்டுவிடுங்கள்.

மேஸ்திரி, "எல்லாம் உடைத்து முடித்தபின் மொத்தமாக எடுத்துவிடலாம், நடை மிச்சம்" என்பார். ஒத்துக்கொள்ளாதே. 8 டன்னை எங்கே வைப்பாய்? பால்கனியிலோ ஒரு படுக்கை அறையிலோ குவிப்பார்கள். வீட்டு அறைத் தளத்துக்குப் பொறியாளர்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் மேற்பாரம் கணக்கிடுகிறார்கள். ஓர் அடி உயரத்துக்கு ரப்பிஷைப் பரப்பினாலே அது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும். இடுப்பளவு குவித்தால் என்ன ஆகும் என்று நீயே பெருக்கிப் பார். கீழ் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். தெருவில் போட்டு வைப்பதும் ஆகாது. முதல் நாள் நம் குவியல், இரண்டாம் நாள் ஊர்க் குவியல். ஒரு குளியலறை உடைத்து முடிந்ததும் அது வெளியேற வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்ததில் சம்மட்டி. புது மணலும் சிமெண்டும் வைக்கவும் இடம் கிடைக்கும்.

தொகையை மொத்தமாகப் பேசுவதா, நடைக்கு இவ்வளவு என்று பேசுவதா என்று கேட்பாய். எனக்கு மொத்தத் தொகைதான் பிடிக்கும். நடைக் கணக்கில் நீ ஆபீசில் இருக்கும்போது போன நடைகளை எண்ண முடியாது. ரேவதியால் குழந்தையையும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க முடியாது. ஆனால் சங்கன் ஸ்லாபுக்குள் என்ன இருக்கிறது என்பது தோண்டினால்தான் தெரியும். சில வீடுகளில் பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போட்டிருப்பார்கள், இரண்டு அடுக்கு வரும். அதை மட்டும் விதிவிலக்காக எழுதிக்கொள்ளலாம். மேஸ்திரிக்கும் நஷ்டம் வரக் கூடாது. நஷ்டம் வந்தால் அதை உன் டைல்ஸ் வேலையில்தான் ஈடுகட்டுவார். நான் எழுதியிருப்பது கீழே. உன் எஸ்டிமேட்டின் அடியில் அவர் கையெழுத்திலேயே எழுதச் சொல்:

"உடைக்கும் பொருள் அனைத்தையும் சாக்கில் கட்டி, மூன்றாம் மாடியிலிருந்து படி வழியாக இறக்கி, வண்டியில் ஏற்றி, மாநகராட்சி சொல்லும் இடத்தில் சேர்ப்பது வரை மொத்தம் ரூபாய் இவ்வளவு. சாக்கு, ஏற்றுகூலி, இறக்குகூலி, வாடகை அடக்கம். ஒவ்வொரு அறையும் உடைத்து முடிந்த இரண்டு நாளில் எடுக்கப்படும். தரைக்குக் கீழே இரண்டாவது தளம் இருந்தால் மட்டும், வீட்டுக்காரரிடம் காட்டிய பிறகு, கூடுதல் நடைக்கு ரூபாய் இவ்வளவு. குழாய், கம்பி, அலுமினியம் மேஸ்திரிக்கு. கடப்பா கல், கதவு வீட்டுக்காரருக்கு."

தொகை எவ்வளவு என்று நான் எழுதவில்லை. தஞ்சாவூர் விலை உனக்கு உதவாது. உங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் போன வருடம் வேலை நடந்ததாகச் சொன்னாயே, அவர்களைக் கேள். அந்தத் தெருவில் சுவரில் "ரப்பிஷ் எடுக்கப்படும்" என்று எண் எழுதியிருக்கும். இரண்டு பேரிடம் 8 டன், மூன்றாம் மாடி, லிஃப்டில் இறக்க முடியாது என்று முழுசாகச் சொல்லி விலை கேள். அதன் பிறகு மேஸ்திரி சொல்வது அதிகமா குறைவா என்று உனக்கே தெரிந்துவிடும். அவர் தொகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அவரிடமே கொடு. உடைப்பவரும் எடுப்பவரும் வேறு வேறாக இருந்தால், வண்டி வரும் நாளில் மூட்டை கட்டியிருக்காது, மூட்டை கட்டிய நாளில் வண்டி வராது. பேசிய தொகையை அட்வான்ஸோடு சேர்த்துக் கொடுத்துவிடாதே. அறை காலியாகக் காலியாகக் கொடு.

உடைக்கத் தொடங்கும் முன் தரையில் தண்ணீர் போகும் நஹானி டிராப்பின் வாயில் சாக்கைத் திணித்து, மேலே சாந்து பூசி மூடச் சொல். கலவைப் பாண்டைக் குளியலறையிலேயே கழுவி ஊற்றுவார்கள்; அந்தச் சிமெண்ட் தண்ணீர் குழாய்க்குள் இறுகினால் கீழ் வீட்டுக்காரர்தான் முதலில் வந்து கதவைத் தட்டுவார். கழுவுவதற்கு ஒரு பழைய பெயிண்ட் வாளி வைத்துவிடு, அடியில் தங்குவதை ரப்பிஷோடு போட்டுவிடலாம்.

மேஸ்திரி எழுதிக் கொடுத்ததும் எனக்கு அனுப்பு. கிரானைட் நிறம் பற்றி ரேவதி கேட்டிருந்தாள். கறுப்பில் தூசி தெரியும், வெள்ளையில் மஞ்சள் கறை ஏறும், அவளுக்குப் பிடித்ததைப் போடட்டும்.

அன்புடன்,
அம்மா